கட்டுப்பாட்டுக் குழு சும்மா இருப்பதில்லை: உடற்கல்வி ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐப்பசி பிறந்தால் எங்கள் மைதானத்துக்கு ஆய்வு மாணவர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கையில் நாலு கோன், ஓர் அளவு நாடா, இரவல் வாங்கிய ஸ்டாப்வாட்ச். பன்னிரண்டு வாரப் பயிற்சி, அதற்கு முன் ப்ரீ டெஸ்ட், பின் போஸ்ட் டெஸ்ட், தொடக்க வேறுபாட்டைச் சரிக்கட்டிக் குழுக்களை ஒப்பிடும் ஆன்கோவா கணக்கு, தேவைப்பட்டால் குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் ஷெஃபே சோதனை. எம்.பி.எட். ஆகட்டும், பிஎச்.டி. ஆகட்டும், இந்தப் பக்கம் எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் பெரும்பாலும் இதே சட்டகம்தான். சட்டகத்தில் குற்றமில்லை. ஆனால் நாங்கள் படித்த காலத்தில் சறுக்கிய அதே இடங்களில் இன்றைய பிள்ளைகளும் சறுக்குகிறார்கள்.

வார்ம்-அப் இல்லாமல் ஓடவிடுவது, அட்டவணை எண் மாறுவது மாதிரியானவற்றை கைடு பார்த்துக்கொள்வார். கைடும் சேர்ந்து கோட்டைவிடும் இடங்கள் வேறு.

விடுதிப் பையன்கள் ஒரு குழு, வீட்டுப் பையன்கள் ஒரு குழு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர், பிஎச்.டி. பள்ளிக் கபடி வீரர்களுக்குப் பிளையோமெட்ரிக் பயிற்சி (வேகமாகக் குதித்துத் தாவும் பயிற்சி) கொடுத்தால் கால் வலுவும் சுறுசுறுப்பும் கூடுமா என்பது ஆய்வு. நல்ல கேள்வி. பயிற்சிக் குழுவில் பதினைந்து பேர், பயிற்சி தராமல் ஒப்பிட மட்டும் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழுவில் பதினைந்து பேர். ஆய்வேட்டு வரைவில் ‘ரேண்டம் முறையில் பிரிக்கப்பட்டனர்’, அதாவது குலுக்கல் போட்டுப் பிரித்ததாக, எழுதியிருந்தார்.

“எப்படிப்பா பிரிச்சே?”

“ஹாஸ்டல் பசங்க காலையில அஞ்சரைக்கே கிடைப்பாங்க சார். அவங்கள ட்ரெயினிங் குரூப்ல போட்டேன். ஊர்லேர்ந்து பஸ்ல வர்றவங்க கன்ட்ரோல்.”

“அப்புறம் ரேண்டம்னு எழுதியிருக்கே?”

“எல்லா தீசிஸ்லயும் அப்படித்தான் சார் இருக்கு.”

விடுதிப் பையன் மூன்று வேளை நேரத்துக்குச் சாப்பிடுகிறான், பத்து மணிக்கு விளக்கணைத்தால் தூங்குகிறான். ஊர்ப் பையன் காலையில் மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, பாதி நாள் வெறும் டீயோடு பஸ் ஏறுகிறான். பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு குழுவுக்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தில் பயிற்சிக்கு எவ்வளவு, சோற்றுக்கும் தூக்கத்துக்கும் எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு எல்லோரும் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: “ஆன்கோவா போட்டாச்சு சார், அது சரிபண்ணிடும்.” பண்ணாது. ப்ரீ டெஸ்ட்டில் அளந்த வேறுபாட்டை மட்டும்தான் அது கணக்கில் எடுக்கும். அளக்காத எதுவும் அதன் கண்ணில் படாது. அளந்ததிலும் சிக்கல் உண்டு. 1967இல் ஃபிரெடெரிக் லார்ட் என்ற அமெரிக்க உளவியல் அளவீட்டு அறிஞர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எடுத்துக்கொண்ட உதாரணமே பல்கலைக்கழகச் சாப்பாட்டுக்கூடம்தான். மாணவர், மாணவியர் எடையை செப்டம்பரிலும் ஜூனிலும் அளக்கிறார்கள். இரு தரப்பிலும் சராசரி எடை மாறவில்லை, ஆகவே ஒரு வேறுபாடும் இல்லை என்கிறார் ஒரு புள்ளியியலாளர். தொடக்க எடையை ஆன்கோவாவில் சரிக்கட்டிய இன்னொருவர், மாணவர்களுக்கு எடை அதிகம் கூடியிருக்கிறது என்கிறார். தரவு ஒன்று, முடிவு இரண்டு. முன்பே வேறுபட்டு நிற்கும் குழுக்களை எந்தக் கணக்காலும் நிச்சயமாகச் சமன்செய்துவிட முடியாது என்பதுதான் லார்ட் சொன்னது. விடுதி மெஸ்ஸை வைத்து ஆய்வு செய்கிற நம் பிள்ளைகள் இதைப் படிக்காமல் போவது அநியாயம்.

அந்தத் தம்பியின் கதை அதோடு முடியவில்லை. ப்ரீ டெஸ்ட் எடுத்தது நவம்பரில், மழை விட்ட ஓர் இடைவெளியில். எங்கள் மண் களி. ஷட்டில் ஓட்டத்தில் திரும்பும் இடத்தில் எல்லோருக்கும் கால் வழுக்கியது. போஸ்ட் டெஸ்ட் பிப்ரவரியில், கட்டாந்தரையில். அவர் முகம் வெளுத்து வந்து நின்றார்: “சார், கன்ட்ரோல் குரூப்பும் இம்ப்ரூவ் ஆயிருக்கு!” ஆகாமல் என்ன செய்யும்? தரை காய்ந்துவிட்டது. போதாததற்கு, சம்பா அறுவடையில் அந்தப் பையன்கள் அப்பாவோடு நின்று நாற்பது கிலோ சிப்பம் தூக்கியிருக்கிறார்கள், கொள்முதல் நிலையத்தில் நெல் தூற்றியிருக்கிறார்கள். கால் வலுவும் ஏறியிருந்தது. அதே சமயம் பொங்கலுக்கு விடுதியை மூடியதால் பயிற்சிக் குழுவுக்குப் பயிற்சியே நின்றுபோயிருந்தது.

‘எந்தப் பயிற்சியும் அளிக்கப்படாத குழு’ என்று நாம் எழுதுகிறோம். டெல்டாவில் தை மாதம் எந்தப் பையன் சும்மா இருக்கிறான்?

மறுபடி எடுக்கவும் வழியில்லை. பிள்ளைகள் பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு, அப்புறம் ஆளுக்கொரு திசை. அவருக்கு ஒரு வருடம் போனது. அவர் கைடு சொன்ன யோசனையை இங்கே எழுத வாய் கூசுகிறது. எண்களைக் ‘கொஞ்சம் ஒழுங்குபடுத்து’ என்றாராம். நல்லவேளை, தம்பி கேட்கவில்லை.

சரி, எப்படிப் பிரிப்பது? ஒரே விடுதிக்குள் பிரியுங்கள். ப்ரீ டெஸ்ட் முடிந்ததும் மதிப்பெண் வரிசையில் இரண்டிரண்டு பேராக இணைத்து, ஒவ்வோர் இணைக்கும் சீட்டுக் குலுக்குங்கள். சீட்டை எடுப்பவர் நீங்களாகவோ கோச்சாகவோ இருக்க வேண்டாம். தெரிந்த பையனை நல்ல பக்கம் தள்ளக் கை தானாகப் போகும். பையன்களைத் தெரியாத அலுவலக எழுத்தர் எடுக்கட்டும்.

இந்தச் சீட்டுக் குலுக்கலே வயலிலிருந்து வந்ததுதான். 1920களில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலுக்கு விடச் சொன்னார். தலைமடை வயலில் ஒரு விதையும் கடைமடை வயலில் இன்னொரு விதையும் போட்டு எது ஒசத்தி என்று கேட்டால் நம் ஊர் விவசாயி சிரிப்பார். ஆய்வு மாணவர் அதையே ஆட்களை வைத்துச் செய்கிறார்.

“ஒரே ஹாஸ்டல்ல பிரிச்சா கன்ட்ரோல் பசங்களும் பாத்துக் குதிப்பாங்களே சார்?” என்பார்கள். குதிக்கட்டும். அதனால் வித்தியாசம் குறைந்து தெரியலாம், இல்லாத வித்தியாசம் முளைக்காது. அதே நேரத்தில் அவர்களுக்கு வழக்கமான கபடி ஆட்டத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பிளையோமெட்ரிக் உண்டு என்று சொன்னால் கோச்சும் முறுக்கிக்கொள்ள மாட்டார். சோதனை நாளில் இரண்டு குழுவையும் கலந்து, ஒரே காலையில், ஒரே தரையில் ஓடவிடுங்கள். வாரம் ஒருமுறை வீட்டு வேலை, வயல் வேலையைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பள்ளி பயிற்சிக்கு, இன்னொரு பள்ளி கட்டுப்பாட்டுக்கு என்றுதான் அனுமதி கிடைத்தது என்றால் அதை அப்படியே எழுதுங்கள். பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும் அங்கே ஒப்பிடப்படுவது இரண்டு பள்ளிகள்தான்.

ஸ்டாப்வாட்ச்

ப்ரீ டெஸ்ட்டுக்கு ஒருவர், போஸ்ட் டெஸ்ட்டுக்கு வேறொருவர் அமுக்கக் கூடாது. 100 மீட்டரில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிட 0.24 நொடி கூட்டுவது தடகளத்தில் நெடுநாள் வழக்கம். 50 மீட்டரில் 0.2 நொடி முன்னேற்றம் என்று கொண்டாடும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழகாத சோதனை

மரக்கட்டை எடுத்து வைக்கும் ஷட்டில் ஓட்டத்தை முதன்முறை ஓடும் பையன், எங்கே குனிவது என்று யோசித்தபடியே ஓடுவான். இரண்டாம் முறை யோசிக்க மாட்டான். அந்த முன்னேற்றம் பயிற்சியால் வந்ததல்ல. கணக்கில் எடுக்கும் முன் வேறு நாளில் ஒன்றிரண்டு முறை ஓடவிடுங்கள்.

கடைசியில் நிற்பவர்களை மட்டும் பொறுக்குவது

மிக மோசமாக ஓடியவர்களை எடுத்தால் அடுத்த முறை அவர்கள் சராசரியை நோக்கி நகர்வார்கள், நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும். பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை வைத்து ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன் இதை 1886லேயே காட்டிவிட்டார். அதே மாதிரிப் பொறுக்கிய கட்டுப்பாட்டுக் குழு இல்லாவிட்டால் அந்த ஆய்வை எடுக்காதீர்கள்.

‘இங்கே சிக்னிஃபிகன்ட், அங்கே இல்லை’

இரண்டு குழுவுக்கும் தனித்தனியாக, முன்-பின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை போட்டுவிட்டு, ஒன்றில் மட்டும் மாற்றம் சிக்னிஃபிகன்ட் (தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாதது) என்று இப்படி எழுதாதீர்கள். குழுக்களை நேருக்கு நேர் ஒப்பிடுங்கள்.

ஸ்கின்ஃபோல்ட்

உடல் கொழுப்பைக் கணிக்கத் தோல் மடிப்பின் தடிமனை அளக்கும்போது, அளப்பவர் ஒருவரே. வியர்வை துடைத்த பின்பு.

அனுமதி

பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். தலைமையாசிரியர் கையெழுத்து இரண்டுக்கும் ஈடாகாது. இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவதாக இருந்தால், 2018 ஏப்ரல் 1 தொடங்கி, ஆய்வுக்கு முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். தரவெல்லாம் எடுத்து முடித்த பிறகு “பழைய தேதி போட்டுக் குடுங்க சார்” என்று நெறிமுறைக் குழுவின் வாசலில் நிற்பவர்களுக்கு என்னிடம் சிபாரிசுக் கடிதம் கிடையாது.