பை வைத்த ஆக்சிஜன் மாஸ்க்கைச் சரியாக மாட்டுவது எப்படி?

எந்த மாஸ்க், எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் வார்டில் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் கழற்றிய மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிடுவது பெரும்பாலும் கூட இருப்பவர்தான். அப்பாவுடன் இருந்தபோது நர்ஸிடம் கேட்டுப் பழகியதை எழுதுகிறேன்.

1. முதலில் ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் வரும் அளவைக் காட்டும் கண்ணாடிக் குழாய்) திறந்து, டாக்டர் சொன்ன அளவில் வையுங்கள். இந்த மாஸ்க்குக்கு நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர். குழாய்க்குள் மிதக்கும் சின்ன உருண்டையின் நடுப்பகுதி அந்த அளவுக் கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும்.

2. பையை நிரப்புங்கள். எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். மாஸ்க்கின் உள்ளே, பை சேரும் இடத்தில் மெல்லிய ரப்பர் வால்வு இருக்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்தால் பை உப்பும். முழுசாக உப்பிய பிறகே முகத்தில் வையுங்கள். நோயாளி இழுக்கும் மூச்சு அந்தப் பையிலிருந்துதான் வருகிறது; பக்கத்துத் துளைகளில் உள்ள மூடிகள் வெளிக்காற்றைத் தடுக்கும். பை காலியாக இருந்தால் மூச்சு முட்டும், அவரே பிடுங்கிப் போடுவார். "அடம் பிடிக்கிறார்" என்று அவரைத் திட்டுவதற்கு முன் பையைப் பாருங்கள். போர்வைக்கடியில் மடங்கிக் கிடக்கும்.

3. மூக்கு, தாடை இரண்டும் உள்ளே வரும்படி வைத்து, எலாஸ்டிக்கைக் காதுக்கு மேலாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக்குங்கள். மூக்குத் தகட்டை அழுத்திவிடுங்கள். கண்ணில் காற்று அடித்தால் இன்னும் சரியாக உட்காரவில்லை.

4. மூச்சை இழுக்கும்போது பை லேசாகச் சுருங்கலாம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கினால் நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களே ஆக்சிஜன் அளவைக் கூட்ட வேண்டாம். சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு ரத்த ஆக்சிஜன் பொதுவாக 88–92 சதவீதம்தான் இலக்கு. ஆக்சிமீட்டரில் 98 பார்க்கும் ஆசையில் திருகினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறிவிடும்.

பை இல்லாத சாதா மாஸ்க்கை 5 லிட்டருக்குக் குறைவாக வைக்கக் கூடாது. விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும். 2 லிட்டர் போதும் என்றால் மூக்குக் குழாய்தான். என் ஓட்டும் அதற்கே: பேசலாம், இட்லி சாப்பிடலாம்.

பின்சேர்க்கை: உதடு காய்ந்தால் வாஸ்லின் தடவலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம், எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீர் அடிப்படையிலான ஜெல் வாங்குங்கள். வீட்டு கான்சன்ட்ரேட்டரில் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) பை நிரம்பவில்லை என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 5 லிட்டர் மெஷினால் அது முடியாது. அந்த மாஸ்க் தேவைப்படும் அளவுக்கு மூச்சுத் திணறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.