ராக் கலைஞரின் கையெழுத்து: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

வயதான ராக் கலைஞரின் கையெழுத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அவர் இன்னும் கையெழுத்துப் போடுகிறாரா என்பதை. 2008 அக்டோபர் 20-க்குப் பிறகு அஞ்சலில் வரும் எதிலும் கையெழுத்திடப் போவதில்லை என்று, நால்வர் கொண்ட பீட்டில்ஸ் இசைக்குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வீடியோவிலேயே சொல்லிவிட்டார். ஆகவே '2012-ல் தபாலில் வாங்கியது' என்று ஒருவர் ரிங்கோவின் படத்தை நீட்டினால், விலையைக் கேட்கவே வேண்டாம். பீட்டில்ஸின் பழைய கையெழுத்துகளில் இன்னொரு தொல்லை. கூட்டம் தாங்காத நாட்களில் நீல் ஆஸ்பினால், மால் எவன்ஸ் போன்ற உதவியாளர்களே நால்வரின் பெயரையும் போட்டுக் கொடுத்ததுண்டு. காகிதம், மை, காலம் எல்லாம் அசல். கை மட்டும் வேறு.

சான்றிதழ் இருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். 2022 நவம்பரில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் புத்தகத்தில் 900 பிரதிகள், 'கையால் கையெழுத்திட்டவை' என்ற உறுதிக் கடிதத்துடன் தலா 599 டாலருக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டதும் குட்டு வெளிப்பட்டது: போட்டது ஆட்டோபென், அதாவது ஒருவரின் கையெழுத்தைப் பேனா பிடித்து அப்படியே போடும் இயந்திரம். தலைசுற்றல் காரணமாக இயந்திரத்தைப் பயன்படுத்தியதாக டிலன் வருத்தம் தெரிவித்தார். பணமும் திரும்பக் கிடைத்தது. பதிப்பகத்தின் கடிதத்துக்கே இந்தக் கதி என்றால், விற்பவரே அச்சடித்துத் தரும் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? கையெழுத்து அசலா என்று சோதித்துச் சொல்லும் பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் போன்ற நிறுவனங்களின் எண்ணிட்ட வில்லை ஒட்டியிருந்தால் அந்த எண்ணை அவர்கள் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலுள்ள பொருளோடு ஒப்பிடுங்கள். அதுவும் நிபுணர் கருத்துதான்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கோட்டுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. மனிதக் கை எழுதும்போது கோடு ஓரிடத்தில் மெலியும், ஓரிடத்தில் தடிக்கும்; முடிவில் பேனா பறந்து போன தடம் இருக்கும். ஆட்டோபென் கோடு முழுக்க ஒரே அழுத்தம். தொடக்கத்திலும் முடிவிலும் மை மொட்டையாகத் தேங்கி நிற்கும். இன்னும் சந்தேகமா? அதே கலைஞரின் வேறு கையெழுத்துகளின் படங்களைக் கணினியில் பாதி ஒளிபுகும்படி வைத்து மேலே பொருத்துங்கள். அச்சு அசலாகப் பொருந்தினால் இயந்திரம். பொருந்தாவிட்டால் உடனே நல்லது என்று எண்ண வேண்டாம். ஒரே இயந்திரத்தில் பல மாதிரிகளை ஏற்ற முடியும்.

நேரில் வாங்கப் போகிறீர்களா? எல்பி இசைத்தட்டு உறையின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை முன்கூட்டியே கிழித்துவிடுங்கள். ரெக்கார்டை வீட்டில் வைத்துவிட்டு, உள்ளே ஒரு கெட்டி அட்டை செருகுங்கள். உலர்ந்த மென்துணியால் விரல் பிசுக்கைத் துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் மை திட்டுத் திட்டாக நிற்கும். வழுவழுப்பான உறையில் பால்பாயிண்ட் வழுக்கும். வெளிர் இடத்துக்குக் கறுப்பு மார்க்கர், கறுத்த உறைக்கு வெள்ளி நிறப் பெயின்ட் பேனா. பெயின்ட் பேனாவை மூடியோடு நன்றாகக் குலுக்கி, வேறு தாளில் முனையை அழுத்தி நிறம் இறங்கிய பிறகே நீட்டுங்கள்; இல்லையென்றால் முதல் எழுத்தில் சொட்டு விழும். வாங்கிய பின் பத்து நிமிடமாவது உறைக்குள் போடாமல் காய விடுங்கள்.

கிட்டாரைச் சுமந்து போவதைவிட அதன் பிக்கார்டை (கம்பிகளுக்குக் கீழே உடலில் திருகிய பிளாஸ்டிக் தட்டு) மட்டும் கொண்டு போவது சுலபம். இன்றைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை மின்கிட்டார்களில் இந்தத் தட்டுக்குப் பெரும்பாலும் 11 திருகுகள்; வெள்ளைத் தட்டைத் தனியாக வாங்கிக் கையெழுத்தானபின் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் புதுத் தட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பாதுகாப்புப் படலம் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் கையெழுத்து வாங்கினால், உரிக்கும் அன்று கையெழுத்தும் கூடவே வந்துவிடும். பொருத்திய பிறகு அந்தக் கிட்டாரை வாசிக்காதீர்கள், ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவும் வேண்டாம்.

'அன்புள்ள குமாருக்கு' என்று பெயரோடு வாங்கினால் மறுவிற்பனையில் விலை குறையும். விற்கும் எண்ணமில்லாதவர்களுக்கு அதுதான் அழகு. கலைஞர் அந்தப் பொருளில் எழுதும்போது எடுத்த படம், நுழைவுச்சீட்டு, ரசீது மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

பிவிசி உறை மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிபுரொப்பலீன் உறை வாங்குங்கள். சட்டம் போடும்போது கையெழுத்து கண்ணாடியைத் தொடாமல் இடையில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். புறஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியே ஆனாலும், வெயில் படும் சுவரில் மாட்டினால் மார்க்கர் மை மெல்ல மெல்ல வெளுக்கும்.