ட்ரைக்கோ அட்டை: அந்து அறையிலேயே தொடங்கும் தவறுகள்

குளவி வளர்ப்பு என்று பெயர்தான், பாடெல்லாம் அந்துப்பூச்சியோடுதான். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்காக விடும் ட்ரைக்கோகிராம்மா குளவி அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அந்து முட்டைக்குள் தன் முட்டையை வைத்தால், எட்டாவது நாள் வாக்கில் புதுக் குளவி வெளியே வந்துவிடும். அப்படிப்பட்ட முட்டைகளை ஒட்டிய அட்டைதான் ட்ரைக்கோ அட்டை. ஆனால் அந்த முட்டைகளைத் தரும் கார்சைரா அந்துப்பூச்சி வளர்ந்து வர 40 நாள் ஆகும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இந்த 40 நாளில்தான்.

அந்துப் புழுவுக்குத் தீனியான கம்பு தானியத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மருந்து பட்ட கம்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். நல்ல கம்பையும் ஒன்றிரண்டாக உடைத்து, 100 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, ஆறிய பிறகே பேசினில் கொட்ட வேண்டும். இரண்டரை கிலோ கம்புக்கு 100 கிராம் நிலக்கடலைப் பொடி, 5 கிராம் ஈஸ்ட், சிலந்திப்பேன் வராமலிருக்க 5 கிராம் நனையும் கந்தகம், அரை சிசி (கன சென்டிமீட்டர்) கார்சைரா முட்டை. அரை சிசி கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். ஆசைப்பட்டுக் கூட்டினால் தீனி பற்றாமல் அந்து சிறுத்து, முட்டையும் குறையும்.

அடுத்தது பிராக்கான். இதுவும் ஒட்டுண்ணிக் குளவிதான், தென்னைக் கருந்தலைப் புழுவுக்கு நாமே வளர்த்து விடுவது. கார்சைரா அறைக்குள் நுழைந்தால் மட்டும் எமன். முதல் வருடம் பக்கத்து அறையில்தானே என்று இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஒரு நாள் காடாத் துணியை விலக்கினால், நூலாம்படைக்குள் புழுக்கள் அசைவில்லாமல் கிடக்கின்றன. சிலவற்றின் பக்கத்தில் அரிசி நொய் போல வெள்ளைக் கூடுகள். பதினொரு பேசின் போயிற்று. தனிக் கட்டடம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிராக்கான் வேலை முடிந்த கையோடு, அதே சட்டையில் அந்து அறைக்குள் போகாதீர்கள். அப்புறம், முகக்கவசம். அந்தின் செதில் தூசியை மாதக்கணக்கில் சுவாசித்தால் இளைப்பு வரும்.

முட்டையை அட்டையில் ஒட்டியதும், கரண்ட் இல்லை என்று புற ஊதா விளக்கைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. ஒளி படாத முட்டை பொரித்து, புழு வெளியே வந்து, பக்கத்திலிருக்கும் ஒட்டுண்ணி ஏறிய முட்டைகளைத் தின்றுவிடும். கரண்ட் வரும்வரை காத்திருங்கள்.

குளவி வெளிவரப்போகும் தாய் அட்டை ஒரு சிசி என்றால், அது முட்டை வைக்கப் புது அந்து முட்டை ஆறு சிசி. முட்டை குறைந்தால் ஒரே முட்டையில் பல குளவிகள் போட்டியிட்டு, பறக்கத் தெம்பில்லாத நோஞ்சான்கள்தான் மிஞ்சும். நான்காம் நாள் பார்த்தால் அட்டை கருகருவென்று இருக்க வேண்டும். வெளுத்த திட்டு நிறைய இருந்தால் அதை விவசாயியிடம் கொடுப்பது நியாயமில்லை.

சரி, வயலுக்கு வருவோம். இது முட்டை ஒட்டுண்ணி. புழு கரும்பைத் துளைத்து உள்ளே போன பிறகு அட்டை கட்டிப் பயனில்லை. நான்காம் மாதம் தொடங்கி 15 நாளுக்கு ஒருமுறை, ஆறு தடவை, ஏக்கருக்கு ஒரு சிசி. குளவி அதிக தூரம் பறக்காது. அட்டையைத் துண்டுகளாக வெட்டி வயல் முழுக்கத் தோகையின் அடிப்பக்கத்தில் ஸ்டேப்ளர் அடியுங்கள், வெயில் தாழ்ந்த பிறகு. வண்டி டேஷ்போர்டு சூட்டில் வைத்துக் கொண்டுபோன அட்டையை எங்கே கட்டினாலும் ஒன்றுதான், குளவி செத்திருக்கும். கட்டிய வாரத்தில் மருந்தும் அடிக்கக் கூடாது.

நாலு நாள் கழித்து ஒரு துண்டைப் பிய்த்து லென்ஸில் பாருங்கள். கறுப்பு முட்டையில் ஊசி குத்தியது போல் துளை இருந்தால் குளவி கிளம்பிவிட்டது. முட்டையே இல்லாமல் அட்டை வெறுமையாக இருந்தால், எறும்பு.