கரையோரக் கடற்படையை எடைபோடும் முறை

ஒரு நாட்டின் கடற்படை பெரும்பாலும் கரையைக் காக்கும் சிறு கப்பல்களாலேயே ஆனது என்றால், அதன் வலிமையை அறியக் கப்பல்களை எண்ணுவதில் தொடங்காதீர்கள். அவை எவ்வளவு தூரம் சென்று, எத்தனை நாள் கடலில் தங்கி, எந்தத் துறைக்குத் திரும்ப முடியும் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கடலூரில் இருப்பவர்களுக்கு இதற்கான சான்று கண்ணெதிரிலேயே இருக்கிறது. 1783 ஜூன் 20 அன்று இந்தக் கரைக்கு அப்பால், 15 போர்க்கப்பல்களுடன் வந்த பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன், 18 கப்பல்கள் வைத்திருந்த ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுடன் மோதினார். குடிநீர்த் தட்டுப்பாட்டாலும் மாலுமிகளைப் பீடித்திருந்த ஸ்கர்வி நோயாலும் தளர்ந்திருந்த ஹியூஸ்தான் சென்னைக்குப் பின்வாங்கினார்.

அடுத்து ஒரு கடல் வரைபடத்தை விரித்து, கரையிலிருந்து 12 கடல் மைலிலும் 200 கடல் மைலிலும் கோடுகள் வரையுங்கள். முன்னது நாட்டின் கடல் எல்லை. பின்னது மீன்வளமும் எண்ணெய்வளமும் சார்ந்த பொருளாதார மண்டலத்தின் எல்லை. மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் செல்லும் ரோந்துக் கப்பல் இரண்டாவது கோட்டை எட்டவே 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். திரும்பி வருவதற்கான எரிபொருளைக் கழித்தபின் அங்கே காவல் நிற்க எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். மூன்று கப்பல் இருந்தால் ஒன்றுதான் எந்நேரமும் கடலில் இருக்கும், மற்றவை பழுதுபார்ப்பிலும் ஆயத்தத்திலும் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே எண்ணிக்கையை மூன்றால் வகுத்தே எழுதுங்கள்.

பலத்தையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1967 அக்டோபர் 21 அன்று எகிப்தின் ஏவுகணைப் படகுகள், நூறு டன்கூட இல்லாதவை, போர்ட் சையது துறைமுகத்துக்கு அருகே இஸ்ரேலின் எய்லாத் போர்க்கப்பலை மூழ்கடித்தன. எனினும் அத்தகைய படகுகளின் வலிமை கரையின் நிழலில்தான் முழுமையாக வெளிப்படும். 1971 டிசம்பரில் இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கச் சென்றபோது, துணைக்குப் பெரிய கப்பல்களும் எரிபொருள் நிரப்ப ஓர் எண்ணெய்க் கப்பலும் தேவைப்பட்டன. வான் பாதுகாப்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1991 வளைகுடாப் போரில் ஈராக்கின் சிறு படகுகளை ஹெலிகாப்டர்களே பெருமளவில் அழித்தன.

காற்றையும் மறவாதீர்கள். வாடைக்காலத்தில் இக்கரையில் ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லாததால், பாய்மரக் காலத்துப் போர்க்கப்பல்கள் பெரும்பாலும் வேறிடம் போய்விடும்; தங்கியவை புயலில் சிக்கக்கூடும். எனவே கடைசியாகக் கேட்க வேண்டியது, இழந்த கப்பலுக்குப் பதில் எங்கிருந்து வேறொன்று வரும் என்பதே. 1761 ஜனவரி 1 அன்று புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்களைப் புயல் சிதறடித்தது; ஆயினும் சில நாட்களுக்குள் எஞ்சியவையும் பிறவும் சேர்ந்து முற்றுகையைத் தொடர்ந்தன. மொரீஷியஸுக்குச் சென்ற பிரெஞ்சுக் கப்பற்படையோ திரும்பி வரவேயில்லை. ஜனவரி நடுவில் நகரம் சரணடைந்தது.