வலமிருந்து இடம் போன கம்பைலரும் என் யூனிக் பாயிண்டரும்

மேக்கில் கிளாங் என்ற கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவமாக மாற்றும் மென்பொருள்) கொண்டு தொகுத்தால் ஒழுங்காக ஓடிய சி++ நிரல், லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலர் கொண்டு தொகுத்ததும் முதல் பொருளைப் பதிவு செய்யும்போதே விழுந்தது. காரணம் தேடி மூன்று நாள் போயிற்று. பொருளை யூனிக் பாயிண்டரில் வைத்திருந்தேன்: ஒரு பொருளுக்கு ஒரே உரிமையாளராக இருந்து, வேலை முடிந்ததும் அதைத் தானே அழிக்கும் பாயிண்டர் (நினைவக முகவரியைச் சுட்டுவது) அது.

எங்கோ இருமுறை டெலீட் (பொருளை அழித்து நினைவகத்தை விடுவிப்பது) நடக்கிறது என்று நினைத்து, பாயிண்டருக்குள் இருக்கும் முகவரியை எடுத்துத் தரும் கெட் அழைப்புகளையெல்லாம் துருவினேன். ஒன்றுமில்லை. பிறகு பலர் உரிமை பகிரக்கூடிய ஷேர்டு பாயிண்டராக மாற்றி, உரிமையைக் கைமாற்றப் பயன்படும் மூவ் இல்லாமல் நகலாக அனுப்பினேன். கோளாறு மறைந்தது. மறைந்ததே ஒழியத் தீரவில்லை. காரணம் தெரியாத மருந்தை நிரலில் விட்டுவைக்க மனம் வரவில்லை.

நினைவகப் பிழைகளைக் காட்டும் கருவியான அட்ரஸ் சானிடைசர் முதல் நாளே துப்புக் கொடுத்திருந்தது: பிழை நேர்ந்த முகவரி 16. விடுவித்த நினைவகமாக இருந்தால் நீளமான எண் வந்திருக்கும். இவ்வளவு சிறிய எண் என்றால், எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர் வழியே ஓர் உறுப்பைப் படிக்கிறோம் என்று பொருள். நான்தான் கவனிக்கவில்லை.

குற்றவாளி ஒரே வரி. ஒரு செயற்கூறுக்கு முதல் மதிப்பாக, யூனிக் பாயிண்டர் வழியே படித்த பொருளின் பெயர், இரண்டாவதாக அதே பாயிண்டரின் மூவ். எது முந்தும் என்பதற்கு சி++ மொழியின் 2017 தரமான சி++17 கூட உறுதி தரவில்லை. கிளாங் இடமிருந்து போனது. ஜிசிசி வலமிருந்து வந்து, பொருளைக் கைமாற்றிவிட்டு, வெறுமையாகிப்போன பாயிண்டரிடம் பெயரைக் கேட்டது.

இதில் ஒரு விசித்திரம்: மூவ் தானாக எதையும் நகர்த்தாது, கைமாற்றலாம் என்று குறிக்கும் வெறும் வகைமாற்றம் அது. செயற்கூறு பாயிண்டரை மதிப்பாக வாங்கியதால்தான் அழைக்கும்போதே உரிமை மாறியது. ஆர்வேல்யூ ரெஃபரன்ஸாக (கைமாற்றத் தக்க பொருளை நகர்த்தாமல் சுட்ட மட்டும் செய்வதாக) வாங்கியிருந்தால் இது நேர்ந்திருக்காது.

பெயரை முந்தைய வரியிலேயே தனி மாறியில் நகலெடுத்தேன். இரண்டு கம்பைலரிலும் ஓடுகிறது. ஷேர்டு பாயிண்டரை நீக்கிவிட்டேன்.