வண்டி உடைக்கும் கேம்: அதன் சுவையைக் கெடுக்கும் தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் என் மாமா பேனல் பீட்டர் கடை, அதாவது நசுங்கிய வண்டிகளை நிமிர்த்தும் கடை வைத்திருந்தார். நசுங்கிய கார் கதவுக்குப் பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டியை அண்டக் கொடுத்து, முன்பக்கம் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்துவார். ஒரு கதவுக்கே அரை நாள் போய்விடும். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். விரலால் தட்டத் தட்டக் கார் நொறுங்கி, நாணயமாகக் கொட்டும் போன் கேம் எனக்குப் பிடித்துப்போனது. முதலில் கண்ணாடியில் கீறல் விழும், பிறகு பம்பர் ஒரு பக்கம் தொங்கும், கடைசியில் கூரை அமுங்கும். செய்த வேலைக்குப் பலன் உடனே கண்ணில் தெரிகிறது. இந்த ஆசை புதிதும் அல்ல. 1991-இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை கேமில் எதிராளியே இல்லாமல் காரை மட்டும் அடித்து நொறுக்கும் ஒரு போனஸ் கட்டம் உண்டு. தெருமுனை டீ ரூம் கடையில் அந்தக் கட்டம் வந்ததும் பையன்கள் கேம் மெஷினைச் சுற்றி மொய்த்துவிடுவோம்.

இவ்வளவு எளிய கேமைக்கூடத் தப்பாக ஆடிச் சலித்துப்போகிறவர்கள் நிறைய. பெரும்பாலோர் சறுக்குவது, கேமில் நாணயம் கொடுத்து வாங்கும் சுத்தியலில். கையில் காசு சேரும்போதெல்லாம் அதே சுத்தியலையே மேம்படுத்திக்கொண்டிருப்பார்கள். இவ்வகைக் கேம்களில் ஒரே பொருளை மறுபடி மறுபடி வாங்கினால் விலை ஏறிக்கொண்டே போகும். 2013-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜூலியன் தியன்னோ உருவாக்கிய, தட்டித் தட்டிக் குக்கி சேர்க்கும் குக்கி க்ளிக்கர் கேமில் ஒவ்வொரு முறையும் 15 சதவீதம் கூடும். 15 குக்கிக்குத் தொடங்கும் பொருள், பத்து வாங்கிய பிறகு 61. இருபது வாங்கிய பிறகு 246. ஆனால் ஒவ்வொன்றும் தரும் அடிப்படை வருமானம் அதேதான். எனவே வாங்கும் முன், போட்ட காசு எத்தனை விநாடியில் திரும்பும் என்று பாருங்கள். 600 நாணயத்துக்கு விநாடிக்கு 20 தரும் கிரேன் 30 விநாடியில் போட்ட காசை எடுத்துவிடும். 5,000 நாணயத்துக்கு 50 தரும் நசுக்கு மெஷினுக்கு 100 விநாடி ஆகும். பெரியதாகத் தெரிந்தாலும் அது அடுத்ததாகத்தான் வாங்க வேண்டியது.

சேர்த்ததை அழித்துவிட்டு, நிரந்தர போனஸோடு முதலிலிருந்து தொடங்கச் சொல்லும் பொத்தானைக் கண்டு பயப்படாதீர்கள். அடுத்த வண்டி உடையவே நெடுநேரம் பிடிக்கிறது என்றால் அழுத்திவிடலாம்.

தானாகத் தட்டும் ஆட்டோ க்ளிக்கர் ஆப்பை மட்டும் போடவே போடாதீர்கள். தட்டுகிற இன்பத்தையே வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் எதற்கு ஆடுவது? ஆண்ட்ராய்டில் அது அணுகல்தன்மை அனுமதியும் கேட்கும். அதைக் கொடுத்தால் திரையில் இருப்பதைப் படிக்க முடியும், நமக்குப் பதிலாகத் தட்டவும் முடியும். பேங்க் ஆப்பும் அதே போனில்தானே இருக்கிறது!

போனைப் பிள்ளைகள் கையில் அப்படியே கொடுப்பதுதான் எனக்கு மிகவும் வலித்த தவறு. 2023-இல் ஒரு லோட் ஷெடிங் இரவு, முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தும் நேரம். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அக்காவின் ஏழு வயது மகனிடம் என் போனைக் கொடுத்துவிட்டு ஆயாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கேமில் நிஜப் பணத்துக்கு விற்கும் பச்சை ரத்தினக்கல்லும் தெரியும், 'வாங்கு' பொத்தானும் தெரியும். எங்கள் ஊர்ப் பணமான ராண்டின் மதிப்பு மட்டும் தெரியாது. மறுநாள் காலை பேங்க் எஸ்எம்எஸ் நான்கு வந்திருந்தது. அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, கார்டைச் சேமித்து வைத்தவன் நான். அன்றே ப்ளே ஸ்டோர் அமைப்பில் ஒவ்வொரு வாங்கலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி மாற்றினேன். ஐபோனில் குடும்பப் பகிர்வு வைத்திருந்தால், பிள்ளை வாங்க முயலும்போது பெற்றோரிடம் அனுமதி கேட்க வைக்கலாம்.

அவன் ஆடும்போது இப்போது டேட்டாவையும் அணைத்துவிடுகிறேன். இரட்டிப்பு நாணயத்துக்காகப் பார்க்கும் 30 விநாடி விளம்பரம் ஒவ்வொன்றும் டேட்டாவைத் தின்கிறது. விளம்பரம் இல்லாததால் நாணயம் மெதுவாகத்தான் சேர்கிறது. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பஸ்ஸின் முன்கண்ணாடி முழுசாக விழப்போகும் நேரத்தில் மட்டும் விரலை நிறுத்திக்கொண்டு, "மாமா, ஓடி வாங்க" என்று கூப்பிடுகிறான்.