ஸ்லோ குக்கர்ல வெறும் கறி, உப்பு, தண்ணி

கறி மட்டும் சாப்பிடுற டயட்ல இருக்கீங்கன்னா ஸ்லோ குக்கருக்குன்னு (கொறஞ்ச சூட்டுல மணிக்கணக்கா வேக வைக்குற கரன்ட் குக்கர்) தொடைக்கறி வாங்காதீங்க, கடைல கேட்டு ஆட்டுல முன்னங்கால் சப்பை, கழுத்து, நெஞ்செலும்பு வாங்குங்க, மாடுன்னா எலும்போட கால்கறி. ஜவ்வும் கொழுப்பும் இருக்குற இடம்தான் இதுக்கு சரி, அந்த ஜவ்வு 80 டிகிரி பக்கம் மணிக்கணக்கா கெடந்தாதான் கரைஞ்சு ஜெலட்டினா மாறும், சிக்கன் நெஞ்சுக்கறி எல்லாம் அதுக்குள்ள சக்கையாயிடும்.

ஃப்ரீசர்ல இருந்து நேரா போடவே கூடாது. முந்தின நாளே ஃப்ரிட்ஜ்ல எறக்கி வச்சிடுங்க, ஐஸா போட்டா சூடேற ரொம்ப நேரமாகும், கிருமி பெருக அது போதும்.

ஈரத்தை துடைச்சிட்டு இரும்பு சட்டில கொழுப்பு விட்டு ரெண்டு பக்கமும் நல்லா செவக்க விடுங்க. மசாலா கிடையாதுல்ல, வாசனையே இதுலதான் வரணும், தயவுசெஞ்சு இதை விட்டுடாதீங்க. அப்புறம் குக்கருக்கு மாத்துங்க, கிலோவுக்கு கல்லுப்பு ரெண்டு டீஸ்பூன், தண்ணி அரை டம்ளர், மீதிய கறியே விடும். குக்கரை லோல (கொறஞ்ச சூட்டுல) வச்சு 8 மணி நேரம். நடுவுல மூடியை தொறந்து தொறந்து பாத்தா சூடு எறங்கி ஒவ்வொரு தடவையும் இருபது நிமிஷமாவது கூட இழுக்கும். எலும்பைப் புடிச்சு இழுத்தா கறி தானா கழண்டு வரணும், அதான் பதம்.

ஈரல் வேண்டாம், அது கல்லுல வதக்குறதுக்குத்தான்.

மிச்ச சாறை ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜ்ல வைங்க, மேல உறையுற கொழுப்பை வழிச்சு எடுத்து வச்சா அடுத்த தடவை கறி செவக்க வைக்க அதுவே ஆகும்.